மஞ்சளாகிப்போன கார் ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிய வைப்பது எப்படி?

மங்கிய ஹெட்லைட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் பளிச்சென்று ஆகும். பெயிண்டுக்குப் பாலிஷ் போடுகிற பசையான ரப்பிங் காம்பவுண்ட் போட்டாலும் ஆகும். தேங்காய் எண்ணெய் தடவினால்கூடக் கொஞ்ச நேரம் புதுசு போலத் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தில் பார்க்கிற எல்லா வீடியோவும் வெற்றியோடு முடிகிறது. அதே விளக்கு ஆறு மாதம் வெயிலில் நின்ற பிறகு எப்படி இருக்கிறது என்று காட்டுபவர்கள் குறைவு.

தேய்ப்பது பாதி வேலைதான். தேய்க்கும்போது போய்விடுகிற பாதுகாப்புப் பூச்சுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடுவது மீதிப் பாதி. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்தான் வாட்டர் பேப்பர், நம்பர் கூடக் கூட அது நைசாக இருக்கும். எந்த நம்பரோடு நிறுத்த வேண்டும் என்பதுகூட மேலே என்ன பூசப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்ததுதான். ஆகவே முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டுப் பேப்பரைக் கையில் எடுங்கள்.

ஏன் மங்குகிறது?

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 இவற்றின் விளக்கு முகம் நிஜமான கண்ணாடி. கல் பட்டால் உடையுமே தவிர மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1983-இல் விதியைத் திருத்தி பிளாஸ்டிக் முகத்தை அனுமதித்தார்கள். 1984 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 அங்கே அப்படி வந்த முதல் கார். எடை குறைவு, எந்த வளைவிலும் வார்க்கலாம், கல் பட்டாலும் எளிதில் சிதறாது என்பதால் உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். அடி தாங்கும், ஆனால் கீறல் தாங்காது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் அதற்கு ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே கடினமான, நிறமற்ற பூச்சு ஒன்றை ஏற்றி அனுப்புகிறார்கள். சில மைக்ரான் கனம்தான் இருக்கும். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு வெடித்து, திட்டுத் திட்டாக உரிய ஆரம்பிக்கும். அப்புறம் அடியில் உள்ள பிளாஸ்டிக் நேரடியாக வெயிலில் நின்று மஞ்சளாகும். காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கிற பழக்கம் இருந்தால் கீறலும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு பக்க விளக்கு மட்டும் அதிகமாக மங்கியிருக்கிறதா? வண்டி தினமும் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. தெற்கு பார்த்து நிற்கும் முகத்துக்கு அடி கூடுதல். வண்டியைத் திருப்பி நிறுத்துவது செலவில்லாத வைத்தியம்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஏஏஏ என்கிற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018-இல் நடத்திய சோதனையில், மோசமாக மங்கிய ஹெட்லைட்டுகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம் மட்டுமே தந்தன. தேய்த்துச் சரிசெய்தபோது சுமார் 70 சதவீதம் வரை திரும்பியது. மங்கின முகத்தின் வழியே வருகிற ஒளி சிதறுவதால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்களுக்குச் சாலையும் தெரியாது.

முதலில் ஒரு கை தண்ணீர்

விளக்கை அணைத்துவிட்டு, முகத்தில் தண்ணீர் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்து, காயக் காய மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான். கரடுமுரடான பரப்பில் உள்ள பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் ஒளி சிதறாமல் போகிறது. இந்த வண்டியைத் தாராளமாகத் தேய்க்கலாம். எண்ணெய் தடவினால் பளபளப்பதற்கும் காரணம் இதேதான். பழைய கார் வாங்கப் போகும்போது ஹெட்லைட் மட்டும் விநோதமாக மினுங்கினால் ஷாம்பு போட்டு ஒருமுறை கழுவச் சொல்லுங்கள்.

ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கலாம். உள்பக்கம் ஆவி கோத்திருந்தால் பின்னால் உள்ள ரப்பர் மூடியோ சீலோ விட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே சிலந்தி வலை போல நுண் வெடிப்புகள் ஓடியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல்புக்குப் பின்னால் இருக்கிற வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் கருகியோ உரிந்தோ இருந்தாலும் வெளியே தேய்த்துப் பயன் இல்லை. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டுக்கும் வழி விளக்கை மாற்றுவதுதான். கம்பெனி விளக்கு கட்டுப்படியானால் அதையே வாங்குங்கள். ஏஏஏ சோதனையில் வெளிக் கம்பெனி விளக்குகள் 83 முதல் 90 சதவீதம் வரை வெளிச்சம் தந்தாலும், ஒளியின் அளவிலும் கோணத்திலும் சில விதிகளுக்கு உட்படாமல் போயின. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய விளக்கு வாங்குபவர்கள் பூட்டுகிற காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. காது ஒட்டவைத்த விளக்கு வண்டி ஓடும்போது அதிரும்.

மேலே என்ன பூசப்போகிறீர்கள்?

இதைத் தேய்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வழி மூன்று.

முதலாவது, சீலன்ட் அல்லது செராமிக் கோட்டிங். துணியில் நனைத்துத் தடவுவது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் தொழிற்சாலைப் பூச்சின் கனமோ உறுதியோ இதில் வராது. குறித்த இடைவெளியில் மறுபடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது, டூ-கே கிளியர். வண்டி பெயிண்டுக்கு மேலே அடிக்கிறார்களே, ஹார்டனர் கலந்து அடிக்கும் அதே கிளியர். சரியாக அடித்தால் சில வருடம் தாங்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்பிரே டப்பா கிளியரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சீக்கிரமே மஞ்சளாகி உரியும். உரிந்த பிறகு அதைச் சுரண்டி எடுப்பது முதலில் தேய்த்ததைவிடப் பெரிய தொல்லை.

மூன்றாவது, பிபிஎஃப் என்கிற நிறமற்ற பாதுகாப்பு ஃபிலிம். வளைவு அதிகமுள்ள விளக்கில் சுருக்கம் விழாமல் ஒட்டப் பழகிய கை வேண்டும். புகை நிறத்தில் வருகிற ஃபிலிம் வேண்டாம். வெளிச்சத்தை மீட்கத்தானே இவ்வளவு பாடு.

வாங்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையிலோ கார் பெயிண்ட் கடையிலோ வாட்டர் பேப்பர் கேளுங்கள். 400 அல்லது 600, 800, 1000, 1500, 2000, 3000 நம்பர்களில் இரண்டிரண்டு தாள் போதும். 2000-க்கு மேல் சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடையில் கிடைக்கும். மாஸ்கிங் டேப் ஒன்று, கெட்டியான ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கார் ஷாம்பு, ரப்பிங் காம்பவுண்ட், மைக்ரோஃபைபர் துணி நாலைந்து. கடைசியாகத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். டிரில் மிஷினும் அதில் மாட்டும் ஃபோம் பேடும் இருந்தால் கை வலி மிச்சம். இல்லாவிட்டாலும் ஆகும்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றையும் விளக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பாலிகார்பனேட்டை இவை தாக்கும். துடைத்த நிமிடம் சுத்தமாகத் தெரிகிற முகத்தில் அப்புறம் நுண் வெடிப்பு கிளம்பும். கொசு விரட்டித் தைலத்தைத் தேய்த்து மஞ்சளை எடுக்கிற வித்தையும் இந்த ரகம்தான். அதிலுள்ள டீட் என்கிற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைப்பதால்தான் பளபளப்பு வருகிறது. சின்னக் குவளையில் திரவத்தைச் சூடாக்கி ஆவி காட்டுகிற கிட்டுகள் ஆன்லைனில் நிறைய விற்கின்றன. இந்த வகையில் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களே பயன்படுகின்றன. மூச்சில் போகக் கூடாத சரக்கு. அது பரப்பை உருக்கி வழவழப்பாக்குமே தவிர வெயிலுக்கு எந்தக் காப்பும் தராது.

கழுவுதல், டேப் ஒட்டுதல்

நிழலான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வெயிலில் நின்று சூடான விளக்கில் வேலை செய்ய வேண்டாம். ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். விளிம்பில் தங்கின மணல் ஒன்று பேப்பருக்கு அடியில் சிக்கினால் போதும், நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

பானெட்டைத் திறந்து, விளக்கைச் சுற்றியுள்ள பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். பானெட்டின் விளிம்பு, ஃபெண்டர், பம்பர், கிரில் எல்லாவற்றுக்கும்தான். தேய்க்கிற வேகத்தில் ஓர் அடுக்கு டேப் கிழிந்துபோவது சாதாரணம், 400 நம்பர் பேப்பர் பெயிண்டில் ஒரு தடவை பட்டாலே கீறல் விழும். விளக்கைக் கழற்றி வைத்துச் செய்வது வசதிதான். ஆனால் பல கார்களில் அதற்கு பம்பரையே இறக்க வேண்டியிருக்கும் என்பதால் அவசியம் இல்லை.

தேய்ப்பது

பேப்பர்களைக் கையளவுத் துண்டாக வெட்டி, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறாத பேப்பர் மடிப்பில் உடைந்து கீறும்.

லேசான மஞ்சள் என்றால் 800-இல் தொடங்கினால் போதும். பூச்சு உரிந்து, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் 400 அல்லது 600. பலர் 400-ஐப் பார்த்துப் பயந்து 2000-இல் தொடங்குகிறார்கள். அதில் மஞ்சள் போகாது, கைதான் வலிக்கும்.

பேப்பரை ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடியுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். தண்ணீர் தெளித்துக்கொண்டே, இடமிருந்து வலமாக நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காதீர்கள். காரணம் அடுத்த நம்பருக்குப் போகும்போது புரியும்.

தேய்க்கும்போது பால் போல வழிகிற தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் அது மஞ்சள் கலந்து, கொழகொழவென்று வரும். பழைய பூச்சும் வெந்துபோன பிளாஸ்டிக்கும்தான் அப்படி வருகிறது. தேய்க்கத் தேய்க்க நிறம் வெளிறி, ஒரு கட்டத்தில் சுத்த வெள்ளையாக ஓட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று அர்த்தம். பால் வெள்ளையானதும் துடைத்துக் காயவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி பனி படர்ந்ததுபோல இருக்க வேண்டும். நடுவில் தீவு தீவாக மினுக்கும் திட்டுகள் தெரிந்தால், பழைய பூச்சு அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போனால் கடைசியில் கிளியர் அடித்த பிறகும் அந்தத் திட்டின் விளிம்பு வரைபடம் போலத் தெரியும், உரிவதும் அங்கிருந்துதான் தொடங்கும். மொத்த வேலையிலும் நேரம் அதிகம் எடுக்க வேண்டியது இந்த முதல் பேப்பரில்தான். ஒரு விளக்குக்கு 15 நிமிடம் ஆனாலும் ஆகட்டும். மேல் விளிம்பில்தான் வெயில் அதிகம் படும், மூலையில் கை எளிதில் போகாது. இரண்டையும் தனியாகக் கவனியுங்கள்.

பனி படர்ந்த முகத்தைப் பார்த்து வீட்டில் யாராவது "இருந்ததையும் கெடுத்துட்டியே" என்று சொல்வார்கள். சரி என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

அடுத்த நம்பருக்கு மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், விளக்கையும் கழுவுங்கள். இப்போது மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். முன்பு போட்ட படுக்கைக் கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்து, நிற்கிற கோடுகள் மட்டும் தெரிந்தால் அந்த நம்பர் முடிந்தது. அதற்கடுத்த நம்பர் மறுபடி படுக்கையாக. இப்படித் திசையை மாற்றினால்தான் முந்தைய கீறல் போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியும். 600-இன் கீறலை 2000 அழிக்காது, அதனால் நடுவில் எந்த நம்பரையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

டூ-கே கிளியர் அடிப்பதாக இருந்தால் 1000-ஓடு நிறுத்திவிடுங்கள். கிளியர் பிடித்து நிற்க அந்தச் சொரசொரப்பு வேண்டும். நுண்ணிய கீறல்களைக் கிளியரே நிரப்பிவிடும். கண்ணாடி போல பாலிஷ் போட்டுவிட்டு அதன் மேல் கிளியர் அடித்தால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். சீலன்டோ செராமிக்கோ ஃபிலிமோ என்றால் 1500, 2000, 3000 வரை போய், அப்புறம் பாலிஷ்.

பாலிஷ்

கிளியர் வழியில் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஃபோம் பேடில் பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்ட் நாலைந்து புள்ளி வைத்து, டிரில்லை ஓடவிடுவதற்கு முன் முகத்தில் பரப்பிக்கொள்ளுங்கள். குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகித் தழும்பு விழும். அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு வந்தால் ஆறவிட வேண்டும். ஒயர் டிரில் என்றால் தரையில் ஓடுகிற தண்ணீரை முதலில் துடைத்துவிட்டுச் செருப்போடு நில்லுங்கள். கையால் செய்பவர்கள் மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அழுத்தித் தேய்த்தால் நேரம் கூட ஆகும், வேலை முடியும்.

பாலிஷ் முடிந்ததும் ஆல்கஹாலில் துடையுங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய்ப்பசை போனால்தான் மேலே போடுவது பிடிக்கும். துடைத்த பிறகு மறைந்திருந்த கீறல் வெளியே தெரிந்தால் மறுபடி 2000-இலிருந்து வாருங்கள். எல்லாம் தெளிந்திருந்தால் அன்றைக்கே சீலன்டையோ செராமிக்கையோ பூசிவிடுங்கள். பூச்சில்லாத பிளாஸ்டிக்கை "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று வெயிலில் விடக் கூடாது.

கிளியர் அடிப்பது

டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடக்கூடிய பொருள். சாதாரணத் துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் உள்ளேயே கலக்கும் டூ-கே ஸ்பிரே டப்பாக்கள் ஆன்லைனில் கிடைத்தாலும், தகுந்த முகமூடி, கையுறை, கண்ணாடி இல்லாமல், குழந்தைகள் நடமாடும் கார் நிறுத்துமிடத்தில் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. 1000 வரை வீட்டில் தேய்த்து, புதிதாக மாஸ்கிங் செய்து, வண்டியை நேராகப் பெயிண்டிங் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். வேறு ஏதாவது வண்டிக்கு கிளியர் அடிக்கும்போது உங்கள் இரண்டு விளக்குக்கும் சேர்த்து அடித்துத்தரச் சொல்லுங்கள். தேய்க்கிற கூலிதான் பெரிய செலவு, அதை நீங்களே முடித்துவிட்டதால் கேட்கிற தொகை சின்னதாகத்தான் இருக்கும். பெயின்டரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: அடிப்பதற்கு முன் தின்னரில் துடைக்க வேண்டாம், ஆல்கஹாலில் துடைத்தால் போதும், முதல் கோட் லேசாகத் தூவினால் போதும், அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் முழுக் கோட் இரண்டு. முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும்.

நீங்களே அடிப்பதாக இருந்தால் திறந்தவெளியில், காற்றில்லாத காலை வேளையைப் பாருங்கள். ஆடிக் காற்றில் அடித்தால் கிளியரில் பாதி மண்ணாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பால் விட்டதுபோல வெளுக்கும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். வண்டி முழுவதையும் பழைய போர்வையாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடாமல் அடிக்காதீர்கள். பறக்கிற தூவல் முன்கண்ணாடி வரை போய் ஒட்டும். பொத்தானை அழுத்திய டப்பா அதற்குப் பிறகு கெட்டியாகிவிடும், அதை அன்றே தீர்த்துவிட வேண்டும். டேப்பைக் கிளியர் முழுதாக இறுகுவதற்கு முன்பே, விளக்கை விட்டு விலக்கி மெதுவாக உரியுங்கள். இறுகிய பிறகு உரித்தால் விளிம்பும் கூடவே வரும்.

ஒரு நாள் முழுக்க விளக்கில் தண்ணீர் பட விடாதீர்கள். ராத்திரிப் பனியும் தண்ணீர்தான். ஒரு வாரம் கழித்து ஷாம்பு போட்டுக் கழுவலாம்.

பல்பும் கோணமும்

இவ்வளவும் முடிந்த பிறகு ராத்திரி ஓட்டிப் பார்த்தால் சிலருக்கு இன்னும் வெளிச்சம் போதாது. உடனே 100 வாட் பல்ப் மாட்டத் தோன்றும். எச்4 ஹாலஜன் பல்பின் இயல்பான அளவு 60, 55 வாட். ஒயரும் ஹோல்டரும் ரிஃப்ளெக்டரும் அதற்கென்றே செய்தவை. கூடுதல் வாட் போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். பழைய பல்பாக இருந்தால் அதே வாட்டில் புதிய ஜோடி மாற்றிப் பாருங்கள். கண்ணாடிக் குமிழை வெறும் கையால் தொடக் கூடாது.

பெரும்பாலும் குறை கோணத்தில்தான் இருக்கும். டயரில் சரியான காற்று இருக்கும்போது, ஓட்டுபவர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டேஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் அதை 0-வில் வையுங்கள். பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு கீழே உள்ள டேப்பில் விழ வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் இடப்பக்கம் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் மேலே ஏறும், அது நடைபாதைப் பக்கம் ஆள் தெரிவதற்காக. ஏறுவது வலப்பக்கம் என்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு மாட்டியிருக்கிறது, எதிரே வருகிற லாரிக்காரர் அணைத்து அணைத்துப் போடுவது அதனால்தான். விளக்கின் பின்பக்கம் உள்ள இரண்டு திருகுகளில் ஒன்று மேல் கீழ், மற்றொன்று இடம் வலம். அரைச் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று என்று போங்கள்.